இத்தாலிய ரேஸ் சைக்கிள் பிரேமில் சத்தம், ஆட்டம், நடுக்கம்: எங்கே பார்ப்பது, எப்போது ஓட்டத்தை நிறுத்துவது

கெந்திங் பெரேஸ் மலை ஏற்றத்தில் 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டதும் பலரும் முதலில் சந்தேகப்படுவது பிரேமைத்தான். கொல்னாகோ, பினரெல்லோ, டி ரோசா என்று பெரிய விலை கொடுத்து வாங்கியிருந்தால் பயம் இன்னும் கூடும். பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது ஒரு துணி, கொஞ்சம் கிரீஸ், சரியான அளவில் இறுக்கிய ஒரு போல்ட், அவ்வளவுதான். பிரேமே காரணமாக இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே 'இன்னும் ரெண்டு ஞாயிறு ஓட்டிப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்து அறிவதற்கே இந்தக் குறிப்பு. ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பிரேமைத் தொடும் காரணம் கடைசியில் வரும்.

கையில் இருக்க வேண்டியவை: 4, 5, 6, 8, 10 மில்லிமீட்டர் ஆலன் கீகள், சிறிய டார்க் ரெஞ்ச், வெர்னியர் அளவுகோல், கிரீஸ், கார்பன் பேஸ்ட், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நான்கு மீட்டர் மெல்லிய நூல். ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றி மாட்டினால் சத்தம் போகலாம். எதனால் போனது என்று தெரியாததால், அடுத்த மழைக்குப் பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

## மிதிக்கும்போது சத்தம்

மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருளவிடுங்கள். அப்போதும் சத்தம் தொடர்ந்தால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) பக்கமே போக வேண்டாம். சக்கரம், ஹெட்செட் (முன் ஃபோர்க் திரும்பும் பேரிங்), பிரேமுக்குள் அடிபடும் கேபிள், தளர்ந்த தண்ணீர்ப் புட்டிக் கூண்டு ஆகியவற்றைப் பாருங்கள். கார்பன் பிரேம் ஒலியைப் பெரிதாக்கிக் காட்டும். பின் சக்கரத்தில் பிறக்கும் சத்தம் காலடியிலிருந்து வருவதுபோலவே கேட்கும், காதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

### உட்கார்ந்தால் வருகிறது, எழுந்து மிதித்தால் நிற்கிறது

சீட்டும் சீட்போஸ்ட்டும்தான். சீட் கம்பிகளைப் பிடிக்கும் கிளாம்பைக் கழற்றி, வியர்வை உப்பைத் துடைத்து, போல்ட் மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். பிறகு சீட்போஸ்ட்டை முழுதாக வெளியே எடுங்கள். கோலாலம்பூர் மழையில் ஒரு மாதம் ஓடிய வண்டியில் சீட் குழாயின் வாயில் மெல்லிய மணல் படிந்திருக்கும். துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே துடையுங்கள். இரும்புப் பிரேமில் அலுமினியப் போஸ்ட் என்றால் கிரீஸ். இரண்டில் ஒன்று கார்பன் என்றால் கார்பன் பேஸ்ட். கிளாம்பில் அச்சிட்ட அளவைத் தாண்டாதீர்கள், பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்.

### எழுந்து மிதிக்கும்போது மட்டும் வருகிறது

முதலில் குவிக் ரிலீஸ், அதாவது சக்கரத்தைப் பிரேமில் பூட்டும் நெம்புகோல் கம்பி. எடை குறைக்க வாங்கிய டைட்டானியக் கம்பி, வெளிப்புறக் கேம் உள்ள வகைகள் இந்தச் சத்தத்துக்குப் பேர்போனவை. இரண்டு சக்கரத்தையும் கழற்றி, டிராப்அவுட்டின் (சக்கர அச்சு உட்காரும் பிளவின்) உள்முகத்தையும் ஹப் முனையையும் துடைத்து, விரல் நுனி அளவு கிரீஸ் தடவி, கேம் உள்ளே மறைந்திருக்கும் சாதாரண இரும்புக் கம்பியைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். சத்தம் போனால் அதையே வாங்கிவிடுங்கள்.

அடுத்து ஹேண்டில்பார். வண்டியை நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்து, இரண்டு பிரேக் பிடிகளையும் மாறி மாறிக் கீழே அழுத்துங்கள். அங்கேயே சத்தம் கேட்டால் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் முன்மூடியைக் கழற்றித் துடைத்து, நான்கு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காகச் சமமாக இறுக்குங்கள்.

### உட்கார்ந்தாலும் நின்றாலும், சுற்றுக்கு ஒரு முறை

பெடலை நண்பரின் பெடலோடு மாற்றிப் பாருங்கள். ஷூ அடியில் உள்ள கிளீட் தேய்ந்திருந்தாலும் இதே சத்தம்தான். பெடல் மரையில் கிரீஸ் இல்லாமல் மாட்டியிருந்தால் அதுவே போதும். பிறகு செயின்ரிங் போல்ட்டுகளைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

அதற்குப் பிறகுதான் கிராங்க். காம்பக்னோலோவின் அல்ட்ரா டார்க் வகைக் கிராங்க் என்றால் இரண்டு அரை அச்சுகளும் நடுவில் பல்லோடு பல் சேரும். அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஒற்றை போல்ட்டை நீளமான 10 மில்லிமீட்டர் ஆலன் கீயால் 42 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். சிறிய ஆலன் கீயைக் கையால் திருகி அந்த இறுக்கம் வராது. 'இறுக்கியாச்சு' என்று சொல்லும் பலரும் தவறவிடுவது இதைத்தான். கழற்றும்போது பேரிங்கைத் தாங்கும் வலது கப்பில் செருகியிருக்கும் மெல்லிய பாதுகாப்புக் கம்பியை முதலில் எடுங்கள்.

பழைய சதுரமுனை அச்சு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். காம்பக்னோலோ கிராங்கை ஜப்பானிய அளவுள்ள அச்சில் மாட்டியிருக்கிறார்களா? இரண்டின் சரிவும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் முனையின் அகலம் வேறு. கிராங்க் தவறான ஆழத்தில் உட்காரும், செயின் கோடு விலகும், எத்தனை முறை இறுக்கினாலும் சத்தம் திரும்ப வரும். அச்சை மாற்றுவது ஒன்றே வழி.

இத்தனைக்குப் பிறகும் சத்தம் இருந்தால் பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்க் அச்சு சுழலும் பேரிங் தொகுதி. அது தனித் தலைப்பு வேண்டும் அளவுக்குப் பெரிய விஷயம்.

## பாட்டம் பிராக்கெட் கப் கழன்றுகொண்டே இருக்கிறது

இத்தாலிய மரையின் பிறவிக் குணம் இது. நாம் கடையில் அதிகம் பார்க்கும் ஆங்கில மரைக் கூடு (பாட்டம் பிராக்கெட் உட்காரும் குழாய்) 68 மில்லிமீட்டர் அகலம், வலது கப் இடமரை. இத்தாலியக் கூடு 70 மில்லிமீட்டர், மரை 36 மில்லிமீட்டர் விட்டமும் அங்குலத்துக்கு 24 சுற்றும் கொண்டது, இரண்டு பக்கமும் வலமரை. மிதிக்கும் திசையே வலது கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடும். பழைய இரும்புப் பிரேம்களில் மட்டுமல்ல, கார்பனில் செய்த பினரெல்லோ டோக்மா வரிசையிலும் இதே மரைதான்.

முதல் சோதனை. வெர்னியரால் கூட்டின் அகலத்தை அளங்கள். 70 என்றால் இத்தாலியன் என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம். 68 என்றால் ஆங்கில மரை, கீழே சொல்லும் திசை பொருந்தாது. இதைச் செய்யாமல் கருவியை வைக்காதீர்கள். ஆங்கில மரைப் பழக்கத்தில் இத்தாலிய வலது கப்பை 'இறுக்குகிறேன்' என்று எதிர்த்திசையில் சுற்றினால் அதைக் கழற்றுகிறீர்கள் என்று பொருள். அதைவிட மோசம், கழற்ற நினைத்து முழு பலத்தோடு இறுக்கி மரையைக் கிழிப்பது.

இரண்டாவது: சுத்தமும் இறுக்கமும். வலது கப்பை இடஞ்சுழியாகச் சுற்றி எடுங்கள். மரைப் பள்ளங்களில் வெள்ளை மாவுபோல ஒன்று படிந்திருந்தால் அது அலுமினியம் அரித்த தூள், நீர் உள்ளே போயிருக்கிறது. பழைய பல்துலக்கியால் ஆல்கஹால் போட்டுத் தேயுங்கள், துணியில் கறுப்பு ஒட்டாமல் ஆகும் வரை தேயுங்கள். இடது கப்புக்கு கிரீஸ் போதும். வலது கப்பில் எண்ணெய்ப்பசை கொஞ்சமும் இருக்கக் கூடாது. மரையில் நீல நிற, நடுத்தர வலிமை மரைப்பூட்டுப் பசையை நான்கைந்து சொட்டு விட்டு, கையால் கடைசி வரை சுற்றி, பிறகு கப்பைத் தயாரித்தவர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ஷிமானோ கப் 35 முதல் 50, காம்பக்னோலோ அல்ட்ரா டார்க் கப் 35 நியூட்டன் மீட்டர். ஒரு நாள் காயவிட்டு ஓட்டுங்கள். சிவப்புப் பசை வேண்டாம். பின்னால் கழற்றச் சூடுகாட்ட வேண்டிவரும், கார்பன் பிரேமில் அது முடியாத காரியம்.

மூன்றாவது: கூட்டின் முகம். பெயிண்ட் தடித்திருந்தாலோ இரண்டு முகமும் இணையாக இல்லாவிட்டாலோ கப் ஒரு பக்கம் மட்டும் அழுந்தும். கப் முழுதாக உட்கார்ந்த பிறகும் ஒரு தாள் ஒரு பக்கம் மட்டும் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் முகத்தைச் சீவும் கருவி வேண்டும். கோலாலம்பூரில் இத்தாலிய அளவுக் கருவி எல்லாக் கடையிலும் இருக்காது, போகும் முன் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான்காவது: மரை போய்விட்டது. கப் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் இதுதான். ஆங்கில மரை கெட்டால் அதைச் சற்று அகட்டி இத்தாலிய மரையாக வெட்டிக்கொள்ளலாம், இத்தாலியன் கெட்டால் அந்த வசதி இல்லை. இரும்புப் பிரேமில் மரை தேவைப்படாத, உள்ளேயே விரிந்து பிடிக்கும் பாட்டம் பிராக்கெட் ஒரு வழி. பிரேம் கட்டுபவரிடம் கொடுத்துப் புதுக்கூடு வைப்பது இன்னொரு வழி.

ஐந்தாவது: கூடே அசைகிறது. கார்பன் பிரேம்களில் பெரும்பாலும் மரைக்கூடு தனி அலுமினியத் துண்டு, உள்ளே ஒட்டியிருப்பார்கள். வியர்வையும் மழைநீரும் வருடக்கணக்கில் அந்த ஒட்டை அரிக்கும். கிராங்கைக் கழற்றி, கூட்டுக்கும் கார்பனுக்கும் இடையே உள்ள கோட்டில் விரல் நகத்தை வைத்து, கப்பை ரெஞ்ச்சால் லேசாக முன்னும் பின்னும் அசையுங்கள். கோட்டில் அசைவு தெரிந்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். இது கார்பன் பழுது பார்ப்பவரின் வேலை, வீட்டுப் பசையில் முடியாது.

மரையில்லாமல் அழுத்திப் பொருத்தும் வகை என்றால் கதை வேறு. கொல்னாகோ சி60 போன்றவற்றில் அழுத்திப் பொருத்தும் கப் நேரே கார்பனில் போவதில்லை, திருகி எடுக்கக்கூடிய அலுமினிய உறைக்குள் போகிறது. உறை தேய்ந்தால் உறையை மட்டும் மாற்றலாம், பிரேம் தப்பிக்கும். நல்ல யோசனை அது. சாதாரண அழுத்து வகையில் கப் தளர்ந்தால், இரண்டு கப்பும் நடுவில் ஒன்றோடொன்று திருகிச் சேரும் வகைக்கு மாறுங்கள்.

## இறக்கத்தில் முன்பக்கம் நடுங்குகிறது

நடுக்கம் வந்த கணத்தில் செய்ய வேண்டியது முதலில். ஒரு முழங்காலை மேல்குழாயில் அழுத்துங்கள், சீட்டிலிருந்து உடல் எடையைக் கொஞ்சம் தூக்குங்கள், கையின் பிடியைத் தளர்த்துங்கள், பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். கையை இறுக்கினால் நடுக்கம் கூடும்.

வீட்டுக்கு வந்ததும் இந்த வரிசையில் பாருங்கள். டயர் விளிம்பு ரிம்மில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா? முன் சக்கரம் நேராகச் சுற்றுகிறதா, ஹப்பில் பக்கவாட்டு ஆட்டம் உண்டா? பிறகு ஹெட்செட்: முன் பிரேக்கைப் பிடித்து, ஹெட்செட்டின் கீழ்க் கப் இணைப்பில் விரலை வைத்து, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலில் 'டொக்' என்று பட்டால் தளர்வு. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் பேரிங் குழிவிழுந்துவிட்டது, இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும். பழைய ஓர் அங்குல மரை ஹெட்செட்டுக்கு 32 மில்லிமீட்டர் தட்டை ஸ்பேனர் இரண்டு தேவை. ஒன்றை வைத்துச் செய்தால் மேல் நட்டைப் பூட்டும்போது அதற்கு அடியில் உள்ள மரைக் கப்பும் சேர்ந்து சுற்றிவிடும்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் 55 கிலோமீட்டர் வேகத்தில் நடுங்குகிறது என்றால் ஸ்டெம்மைக் கழற்றி ஃபோர்க் தண்டைப் பாருங்கள். கார்பன் தண்டில் ஸ்டெம் பிடித்த இடத்தைச் சுற்றிக் கோடு இருந்தால், அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அந்த ஃபோர்க் முடிந்தது. பழுது பார்க்கக் கேட்காதீர்கள், மாற்றுங்கள். வீட்டுக்குள் டிரெய்னரில் ஓட்டுபவர்கள் இதை வருடம் ஒரு முறை பார்ப்பது நல்லது. மின்விசிறிக் காற்றிலும் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வியர்வை நேரே ஸ்டெம் போல்ட்டிலும் ஹெட்செட் மேல்மூடியிலும்தான் சொட்டும்.

உயரமானவர்களின் பெரிய அளவு மெல்லிய இரும்புப் பிரேம், நீண்ட சீட்போஸ்ட், எல்லாம் சரியாக இருந்தும் நடுங்கினால் அது அந்தப் பிரேமின் இயல்பு. கொஞ்சம் அகலமான டயரும் குறைந்த காற்றும் நடுக்கம் தொடங்கும் வேகத்தைத் தள்ளிப்போடும், முழுதாகப் போக்காது.

## சீட்போஸ்ட் இறங்குகிறது அல்லது அசைய மறுக்கிறது

இறங்கினால் அளவைப் பாருங்கள். போஸ்ட்டின் அடியில் எண் குத்தியிருக்கும். கொலம்பஸ் எஸ்எல் என்ற இத்தாலிய இரும்புக் குழாயில் கட்டிய பழைய பிரேம்கள் பெரும்பாலும் 27.2 மில்லிமீட்டர் கேட்கும். 27.0 போட்டு கிளாம்பை முறுக்கியிருந்தால் சீட் குழாயின் காதுகள் ஒன்றையொன்று நோக்கி வளைந்திருக்கும், அதுதான் அடையாளம்.

சிக்கிக்கொண்டால் முறுக்கிப் பார்ப்பதற்கு முன் ஊடுருவும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள், வண்டியைத் தலைகீழாக வைத்து பாட்டம் பிராக்கெட் வழியாகவும் விடுங்கள். இரும்புப் பிரேமில் அலுமினியப் போஸ்ட் என்றால் போஸ்ட்டைக் குளிர வையுங்கள், பிரேமைச் சூடாக்காதீர்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும், ஐஸ் துணியால் சுற்றி வைத்தாலே வேலை நடக்கும். பழைய சீட்டைப் போஸ்ட்டில் மாட்டி அதையே கைப்பிடியாக்கித் திருகுங்கள். கார்பன் பிரேம் என்றால் ஒரு முறை மிதமாக முயன்று பார்த்து, வரவில்லையென்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். குழாயைக் கிழித்தால் போஸ்ட்டின் விலையில் முடியாது.

## 'பிரேம் நெகிழ்கிறது', 'பிரேம் குத்துகிறது'

புதிதாக வாங்கிய பிரேமைப் பற்றி வரும் புகார்களில் பாதி இவை இரண்டுதான். எழுந்து மிதிக்கும்போது பின் பிரேக் உரசினால் நெகிழ்வது பெரும்பாலும் பிரேம் அல்ல. குறைந்த ஸ்போக் உள்ள சக்கரம், தளர்ந்த ஸ்போக், ஆடும் ஹப், சரியாக மூடாத குவிக் ரிலீஸ் என்ற வரிசையில் பாருங்கள். நண்பரின் சக்கரத்தை மாட்டி அதே மேட்டில் ஏறினால் பத்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். நின்றபடி பாட்டம் பிராக்கெட்டைக் காலால் தள்ளி அசைவு பார்ப்பதை வைத்துப் பிரேமை எடைபோடாதீர்கள், சாலையில் அது ஒன்றும் சொல்லாது.

குத்துகிறது என்றால் டயர். 70 கிலோ உடம்புக்கு 25 மில்லிமீட்டர் டயரில் 8 பார் ஏற்றிவிட்டு 'இத்தாலிய பிரேம் கல்லு மாதிரி' என்று சொல்வது நியாயமில்லை. 5.5 முதல் 6 பாருக்குள் தொடங்குங்கள். டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கியில்லாத ரிம் என்றால் 5 பாரைத் தாண்டவே கூடாது. 1990களின் பிரேமில் 25 மில்லிமீட்டருக்கு மேல் இடம் இருக்கிறதா என்று ஃபோர்க் உச்சியில் அளந்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டு பிரேமை ஒப்பிட வேண்டுமா? அதே சக்கரம், அதே டயர், அதே காற்று, அதே சீட் உயரம், அதே சாலை. பத்துமலையிலிருந்து உலு யாம் போகும் சாலையில் ஏற்றம், வளைவு, கரடான தார் மூன்றும் கிடைக்கும். பினாங்கில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் பாதை அதற்கு ஈடு. எடைக்கு மட்டும் பணம் கொடுக்கும் முன் ஒரு கணக்கு: ஆள், வண்டி, தண்ணீர் சேர்ந்து 80 கிலோ என்றால் 200 கிராம் குறைவது 0.25 சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் அது கூடிப்போனால் 9 விநாடி. வளைவில் வண்டி சொன்ன கோட்டில் நிற்கிறதா, கையை எடுத்தால் நேராகப் போகிறதா என்பவை அந்த 9 விநாடியைவிட முக்கியம்.

## கையை எடுத்தால் ஒரு பக்கம் இழுக்கிறது, கியர் தானாகத் தாவுகிறது

சக்கரம் டிராப்அவுட்டில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு நூல் சோதனை: பின் சக்கரத்தைக் கழற்றி, ஒரு டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, முன்னே கொண்டுபோய்த் தலைக்குழாயைச் சுற்றி, மறு டிராப்அவுட்டில் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளங்கள். வித்தியாசம் 1 மில்லிமீட்டருக்குள் என்றால் பிரேம் குற்றமில்லை. 3 என்றால் வளைந்திருக்கிறது. இரும்பைப் பிரேம் கட்டுபவர் நிமிர்த்துவார், பழைய 126 மில்லிமீட்டர் பின்பக்கத்தை 130க்கு விரிப்பதும் அவரால் முடியும். அலுமினியத்தையும் கார்பனையும் யாரும் வளைத்து நேராக்க முடியாது, விடவும் கூடாது.

கியர் தாவினால் ஹேங்கரை (பின் கியர் மாற்றி தொங்கும் துண்டை) அளவுக் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் சில நிமிட வேலை. கழற்றி மாட்டும் அலுமினிய ஹேங்கர் என்றால் ஒன்று கூடுதலாக வாங்கிப் பையில் வையுங்கள். இத்தாலிய மாடல்களுக்கு அது உடனே கிடைப்பதில்லை.

## பெயிண்டில் கொப்புளம், கோடு, துரு

இரும்பு. கொப்புளத்தைக் குத்தினால் பழுப்புத் தூள் வரும். வெளியிலிருந்து வந்தது என்றால் தேய்த்துப் பூசலாம். பாட்டம் பிராக்கெட்டுக்கு அருகே, குழாயின் அடியில் இருந்தால் உள்ளிருந்து அரித்து வந்திருக்கலாம். பிளாஸ்டிக் கைப்பிடியால் சுற்றிலும் தட்டுங்கள், மெத்தென்று அமுங்கும் இடம் இருந்தால் குழாய் மாற்ற வேண்டும். மழையில் நனைந்த அன்றே சீட்போஸ்ட்டை எடுத்து வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். பாட்டம் பிராக்கெட்டின் அடித்துளை சேற்றில் அடைபட்டிருக்கிறதா பாருங்கள். வருடம் ஒரு முறை குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் தெளியுங்கள்.

அலுமினியம், மெக்னீசியம். மெல்லிய அலுமினியக் குழாயில் நசுங்கலை நிமிர்த்த முடியாது. குழாய்களை இணைப்பு உறைகளுக்குள் திருகி ஒட்டிய, ஆலன் (ALAN) நிறுவனத்தின் பழைய பிரேமில் இணைப்பிலிருந்து சத்தம் வந்தால் ஒட்டு விட்டுவிட்டது, ஓட்டாதீர்கள். 2002இல் வந்த முதல் பினரெல்லோ டோக்மா மெக்னீசியப் பிரேம். பெயிண்ட் உரிந்த இடத்தில் உப்புக்காற்று பட்டால் வேகமாக அரிக்கும். பினாங்கின் பத்து ஃபிரிங்கி கடற்கரைச் சாலையில் ஓட்டியதும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, கீறலை உடனே பூசி மூட வேண்டும்.

கார்பன். கோட்டில் நகம் தடுக்குகிறதா? ஆல்கஹாலைத் தடவித் துடையுங்கள். மேற்பரப்பு உலர்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அங்கே ஆழம் இருக்கிறது. பிறகு பத்து சென் நாணயத்தால் அந்த இடத்தையும், அதற்கு நேர் மறுபக்கத்தையும் மாறி மாறித் தட்டுங்கள். நல்ல கார்பன் 'டக் டக்' என்று கூர்மையாகப் பேசும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் பழுத்த பலாவைத் தட்டியதுபோல் 'தொப்' என்று அமுங்கும். குழாயின் தடிப்பு மாறும் இடத்திலும் ஒலி மாறும், அதனால் இடத்தை இடதோடும் வலதோடும் ஒப்பிடுங்கள், மேலோடும் கீழோடும் அல்ல. கொல்னாகோ சி வரிசையில் குழாயும் இணைப்பு உறையும் சேரும் விளிம்பில் பெயிண்ட் மட்டும் மயிரிழை விடலாம். நகம் தடுக்காமல், ஒலி மாறாமல் இருந்தால் புகைப்படம் எடுத்து வைத்து, மாதம் ஒரு முறை நீளத்தை அளங்கள். நீண்டால் கடைக்குப் போங்கள்.

கீழ்க்குழாய் தலைக்குழாயோடு சேரும் அடிப்பக்கம், சீட் கிளாம்பின் கீழே, செயின்ஸ்டே (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்) முனை ஆகிய மூன்று இடங்களில் ஒலி மாறினால் அல்ட்ராசவுண்ட் சோதனை செய்யும் கார்பன் பழுது நிபுணரிடம் கொடுங்கள், அதுவரை வண்டி சுவரில் தொங்கட்டும். இரண்டாம் கையாக வாங்கும்போதும் இதே மூன்று இடங்களைத் தட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டிக்கரோ ஒட்டுப்படமோ அந்த இடங்களை மறைத்திருந்தால் உரிக்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.

குரோம். பழைய பிரேம்களின் செயின்ஸ்டேயிலும் ஃபோர்க்கிலும் பளபளக்கும் குரோமில் புள்ளிப் புள்ளியாகத் துரு வந்தால், அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கித் தேயுங்கள். துரு போய்விடும், குரோம் கீறாது. காயவைத்து மெழுகு பூசுங்கள்.